கண்ணை மூடிக் கும்பிட்ட விளக்கு

விளக்குக்கு மாலை போட்ட ஊர் எங்கள் ஊர். குத்துவிளக்குக்கு இல்லை. படகுக்கும் கப்பலுக்கும் வழி காட்ட சர்க்கார் நட்டுவைத்த இரும்புக் கம்பத்து விளக்குக்கு. மாலையோடு நிறுத்தியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். மாலை காய்ந்தால் உதிர்ந்துவிடும், அதனால் யாருக்கும் கேடில்லை. இவர்கள் அதோடு நிறுத்தவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியமும் இல்லை.

என் பெயர் சகாயசெல்வி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில், தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து கப்பலேறி வந்த சில மீன்பிடிக் குடும்பங்கள் போர்ட் பிளேரில் ஜங்லிகாட்டைத் தாண்டி ஒரு சின்ன வளைகுடா ஓரம் குடிசை போட்டோம். சர்க்கார் தாளில் அந்த இடத்துக்குப் பெயர் கிடையாது. நாங்கள் முனை என்போம். கரை கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிற பாறை அது. அதன் ஒரு பக்கம் ஆழமான தண்ணீர், படகு உள்ளே வருகிற வழி. மறுபக்கமும் அடிவாரமும் முழுக்கப் பார். தண்ணீருக்கடியில் பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கும் பவளப்பாறை. பட்டால் பலகை பிளந்துவிடும்.

அந்த மூக்கின் நுனியில்தான் விளக்கு வந்தது. கேஸ் விளக்கு. மினுக்கும், அணையும், மறுபடி மினுக்கும். அது வந்த பிறகு கடலில் எங்கள் ஆண்களுக்கு இரண்டே சட்டம். மினுக்குகிற வெளிச்சம் முனை, அதை இடக்கைப் பக்கம் விட்டு உள்ளே வா. மினுக்காமல் நின்று எரிகிற வெளிச்சம் கோயில் கரையில் பெண்கள் ஏற்றி வைக்கிற லாந்தர், அதை நேரே பார்த்துத் துடுப்பு வலி. குழந்தைக்கும் தெரியும் இது. தெரிந்திருந்தும் செய்தார்கள் பாருங்கள், அதைத்தான் சொல்ல வந்தேன்.

விளக்கை நட்டவன் கோவிந்தராஜ் என்ற மெக்கானிக். சர்க்கார் லாஞ்சில் வருவான், கேஸ் சிலிண்டரை மாற்றுவான், போவான். மெட்ராஸ்காரன்தான், ஆனால் தீவில் பல வருஷம் இருந்து பேச்சில் பாதி ஹிந்தி. எங்கள் ஆட்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு, சாயங்காலம் யார் வந்து ஏற்றுவார்கள் என்று கேட்டார்கள்.

"கோயி நஹி. யாரும் வரமாட்டாங்க. ஆட்டோமேட்டிக். அதுவா எரியும், அதுவா அணையும்" என்று சொல்லிவிட்டு லாஞ்சில் ஏறிவிட்டான்.

அதுவா! ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். எப்படி, எதனால் என்று ஒரு வார்த்தை சொல்ல அவனுக்கு நேரமில்லை. அந்த ஆபீசில் அவனுக்கு மேலே இருந்தவர்களுக்கு நாங்கள் ஆளாகவே தெரியவில்லை. தானாக எரிகிற ஒன்றைப் பார்த்தால் மனுஷன் என்ன நினைப்பான்? அதற்கு மனசு இருக்கிறது என்றுதான் நினைப்பான். என் ஊர் அப்படித்தான் நினைத்தது.

விதை போட்டது வேறு யாருமில்லை. என் புருஷன் கஸ்பார்தான்.

ஒரு ஜூன் மாதம், பட்டப்பகலில், மேற்கே இருந்து மழைக்கட்டி எழும்பி வந்தது. வானம் அடுப்புக்கரி ஆகிவிட்டது. கஸ்பார் தன் டுங்கியில், தீவில் சின்னப் படகுக்கு அதுதான் பெயர், வெளிக்கடலில் திசை தெரியாமல் நின்றிருக்கிறார். அப்போது முனையில் விளக்கு மினுக்கியிருக்கிறது. பகலில்! அதைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். நனைந்த உடம்போடு அடுப்படியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வழியச் சொன்னார்.

"ஏட்டி செல்வி, அது என்னயப் பாத்துச்சு. நேரங்காலம் இல்லாம எனக்காக முழிச்சுது. சத்தியமாச் சொல்லுதேன்."

எனக்கும் அன்றைக்கு அழுகைதான் வந்தது. உயிரோடு வந்த சந்தோஷத்தில் எதையும் நம்பலாம். ஆனால் ஒரு தடவை அழுதுவிட்டு எழுந்து சோறு வடிக்கப் போக வேண்டும். என் ஊர் எழுந்திருக்கவே இல்லை.

அதற்குக் காவல் சம்மனசு, காவல் காக்கிற தேவதூதர், என்று பெயர் வைத்தார்கள். கடலுக்குப் போகிறவன் கம்பத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான். வந்தவன் முதல் மீனை அதன் காலடியில் வைத்தான், அதைப் பூனை தின்றது. பக்கத்து வீட்டு அமுதம் ஒரு படி மேலே போய் அதனிடம் கேள்வி கேட்கத் தொடங்கினாள். "எம் பிள்ளைக்குக் காச்சல் எறங்குமா?" என்று கேட்டு முடிப்பதற்குள் அது மினுக்கினால் ஆமாம் என்று அர்த்தமாம். எப்போதும் மினுக்கிக்கொண்டே இருக்கிற ஒன்று எந்தக் கேள்விக்குத்தான் ஆமாம் சொல்லாது?

ஏன் அதன் மேல் அவ்வளவு உருகினார்கள் என்று எனக்குத் தெரியும். ஆபீஸ்களில் நாங்கள் பட்ட பாடு அப்படி. இடத்துக்குப் பட்டா கேட்டு கஸ்பார் ஆபீஸ் இருக்கிற டெலானிபூர் மேட்டை ஏறி இறங்கியே செருப்பைத் தேய்த்தார். கேட்ட இடமெல்லாம் "கல் ஆனா", நாளைக்கு வா. மண்ணெண்ணெய்க்குக் கல் ஆனா, ஆஸ்பத்திரிச் சீட்டுக்குக் கல் ஆனா. எங்கள் முகத்தைப் பார்த்து ஒருவரும் பதில் சொன்னதில்லை. இந்த விளக்கோ கேட்காமலே எரிந்தது. நாளைக்கு வா என்று சொல்லவில்லை, சலாம் எதிர்பார்க்கவில்லை, இருட்டின உடனே வேலையைப் பார்த்தது. சொன்னபடி செய்கிறவனைப் பார்த்துப் பழகாத சனங்களுக்கு அது சம்மனசாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கேட்காமலே பொழுது சாய்ந்ததும் அடுப்பை மூட்டி, ஒரு நாள் தவறாமல், மழையிலும் காய்ச்சலிலும் சோறு போடுகிறோமே நாங்கள், எங்களுக்கு எவனாவது மாலை போட்டானா? உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளத்தானே தெரிந்தது.

போகட்டும். கண் விஷயத்துக்கு வருகிறேன்.

விளக்குக் கூண்டுக்குக் கொஞ்சம் கீழே, ஏணி முடிகிற இடத்தில் ஒரு கண்ணாடிக் குழல் இருந்தது. அதற்குள் நடுவே ஒரு கறுப்புத் தண்டு, சுற்றிலும் பளபளவென்று மூன்று பொன்னிறத் தண்டுகள். கீழே நின்று பார்த்தால் வெள்ளை விழிக்குள் கருமணி மாதிரி இருக்கும். அதை எல்லாரும் கண் என்றார்கள். கோவிந்தராஜ் ஒரு முறை சிலிண்டர் மாற்ற வந்தவன், நல்ல வெயிலில் ஏணியில் ஏறித் தன் தொப்பியைக் கழற்றி அந்தக் கண்ணின் மேல் கவிழ்த்தான். கொஞ்சம் பொறுத்து விளக்கு மினுக்கத் தொடங்கியது. கீழே நின்றவர்களுக்கு ஒரே ஆரவாரம். "அப்பனக் கண்ட பிள்ள மாதிரி சிரிக்குது பாரு!" என்று அமுதம் கையைத் தட்டினாள்.

நான் அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோனேன். கொடுத்துவிட்டு, "தொப்பியப் போட்டா ஏன் தம்பி எரியுது?" என்று கேட்டேன்.

"கண்ணுல வெளிச்சம் பட்டா பந்த் அக்கா, அணைஞ்சுடும். படலேன்னா சாலு, எரியும். ராத்திரி வந்துடுச்சுன்னு நினைச்சுக்கும், அவ்ளோதான்."

"அப்ப கஸ்பாரு மழையில வந்தப்போ?"

"மழையில இருட்டிருக்கும்ல? எரிஞ்சிருக்கும்."

அவ்வளவுதான் விஷயம். ஒரு செம்புத் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் சொல்லி முடிக்கிற விஷயம். வந்து கஸ்பாரிடம் சொன்னேன். அவர் வலையின் கிழிசலைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றார். அமுதத்திடம் சொன்னேன். "ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகந்தான், ஆண்டவரையே சந்தேகப்பட்ட தோமையாரு பேத்தி" என்று சிரித்தாள். நானும் விட்டுவிட்டேன். கும்பிட்டுவிட்டுப் போகட்டும், கும்பிடுவதால் யார் சாகப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அக்டோபரில் மாதா திருநாள் வந்தது. போர்ட் பிளேரிலிருந்து சாமியார் காலையில் வந்து பூசை வைத்துவிட்டுப் போய்விட்டார். மிச்சமெல்லாம் எங்கள் உபதேசியார் லூர்துநாதன் கையில். ஜெபம் சொல்லிக் கொடுப்பார், ஞாயிற்றுக்கிழமை கூட்டுவார், பஞ்சாயத்தும் பேசுவார். நல்ல மனுஷன் என்றுதான் சொல்வார்கள். நல்ல மனுஷர்கள் கூடிச் செய்கிற முட்டாள்தனத்தை யாராலும் தடுக்க முடியாது.

அந்த வருஷம் சப்பரம் முனை வரைக்கும் போகும் என்று அவர் அறிவித்தார். மாதா காவல் சம்மனசைப் பார்க்க வருவாளாம். அப்படி வரும்போது சம்மனசின் முகம் இருட்டில் இருக்கலாமா? இரண்டு பெட்ரோமாக்ஸ் கொண்டுவந்து அதன் கண்ணுக்கு இருபுறமும் தொங்கவிட வேண்டும் என்று தீர்மானம். ஜங்லிகாட் பஜாரில் நாகூர் கனி அண்ணன் கடையில்தான் கல்யாணம் காட்சிக்குப் பெட்ரோமாக்ஸ் எடுப்போம். திருநாள் அசனச் சமையலுக்கு மிளகாய் மல்லி வாங்க நானும் அன்றைக்குக் கடையில் இருந்தேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"வெளக்குக்கே வெளக்கா? கொல்லன் தெருவுல ஊசி விக்கிற கதையால்ல இருக்கு. என்ன தங்கச்சி, ஒங்க ஊருல ஆருக்கும் வேற சோலி இல்லியா?"

"என்னயக் கேக்காதிய அண்ணே. அந்தா நிக்காரு பாருங்க, உபதேசியாரு. அவருகிட்ட கேளுங்க" என்றேன்.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும் என்று இப்போது யாராவது சொன்னால் அவர் வாயில் மண்ணைப் போடுவேன். தீர்மானம் போட்டது யார், தொங்கவிட்டது யார்? அவர்களுக்கு உறைத்ததா? மிளகாய் வாங்கப் போனவளுக்கு மட்டும் எல்லாம் உறைத்திருக்க வேண்டுமோ?

திருநாள் அன்று அசனம், ஊருக்கெல்லாம் ஒரே பந்தியில் சாப்பாடு. குழம்புக்கு மீன் போதவில்லை என்று மத்தியானம் கஸ்பாரையும் அமுதத்தின் புருஷனையும் கடலுக்கு அனுப்பினார்கள். நினைவில் வையுங்கள், அனுப்பியது ஊர். "பொழுது சாஞ்சாலும் பயமில்ல மக்கா, சம்மனசு முழிச்சிருக்கும்" என்று லூர்துநாதனே டுங்கியைத் தள்ளிவிட்டார். கஸ்பார் போகும்போது கம்பத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

தீவில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். கடிகாரம்தான் மெயின்லேண்டுடையது, சூரியன் எங்களுடையது. அன்றைக்கு அமாவாசை கிட்டத்தில், நட்சத்திரம்கூட மேகத்தில் மறைந்திருந்தது. ஊர்ப் பெண்கள் எல்லாரும் சப்பரத்தோடு முனைக்குப் போய்விட்டார்கள், கோயில் கரை லாந்தரைக்கூட ஏற்றாமல். முனையில்தான் இரண்டு பெட்ரோமாக்ஸ் இருக்கிறதே! நான் மட்டும் முனைக்குக் கொஞ்சம் தள்ளி, அசனப் பந்தலில் அண்டாவில் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன். என் நீளத்தில் பாதி இருக்கும் அந்தக் கரண்டி.

கிண்டிக்கொண்டே கடலைப் பார்த்தேன். பிறகு முனையைப் பார்த்தேன். ஏதோ குறைந்தது. மினுக்கல் இல்லை.

பெட்ரோமாக்ஸ் இரண்டும் கண்ணுக்குப் பக்கத்திலேயே, ஏணிக் கம்பியில், வெள்ளையாகச் சீறிக்கொண்டிருந்தன. மேலே கூண்டு செத்துக் கிடந்தது. பெட்ரோமாக்ஸின் சூடும் வெளிச்சமும் அந்தக் கருமணியில் நேராக அடித்துக்கொண்டிருந்தன. வெளிச்சம் பட்டா பந்த். கோவிந்தராஜ் தண்ணீர்ச் செம்பைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே சொன்னது காதில் கேட்டது. அதற்கு இன்னும் பகல். பகலில் அது ஏன் எரிய வேண்டும்?

கரண்டியோடு ஓடினேன்.

"வெளக்கு எரியல! உபதேசியாரே, வெளக்கு எரியல! பெட்ரோமாக்ஸ எறக்குங்க!"

லூர்துநாதன் ஜெபமாலையை நிறுத்தாமல் கையமர்த்தினார். மாலையில் பத்து மணியையும் உருட்டி முடித்த பிறகு திரும்பி, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"ஏ பிள்ள, சத்தம் போடாத. மாதா முன்னாடி வந்து நிக்காவ. அதான் சம்மனசு கண்ண மூடிக் கும்பிடுது."

கண்ணை மூடிக் கும்பிடுகிறதாம். எரிந்தால் எங்களுக்காக எரிகிறது, அணைந்தால் மாதாவுக்காக அணைகிறது. அது என்ன செய்தாலும் நல்லதற்குத்தான் செய்கிறது. இப்படி ஒரு மனுஷனை, ஒரே ஒரு மனுஷனை, என் ஊர் நம்பி நான் பார்த்ததில்லை.

"நம்ம ஆளுக கடல்ல இருக்காவ! நின்னு எரியுற வெளிச்சத்தப் பாத்தா கோயில் கரைன்னு நெனச்சு நேரே வலிப்பாவ. நேரே என்ன இருக்கு? பார் இருக்கு! அமுதம், ஒம் புருசனும் அதுலதான இருக்காரு, நீயாவது சொல்லு!"

அமுதத்தின் முகம் ஒரு கணம் மாறியது. கடலைப் பார்த்தாள். பிறகு விளக்கைப் பார்த்தாள். "அது விட்டுராது செல்வி. மாதா வந்திருக்கா. நாம ஜெபிப்போம்" என்று முட்டுப் போட்டாள்.

காற்று வாக்கில், கடல் பக்கமிருந்து, துடுப்பை மாட்டுகிற கொண்டி கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. எங்கள் டுங்கியின் வலப்பக்கக் கொண்டி. எண்ணெய் விடுங்கள் என்று நான் தினமும் கத்துகிற கொண்டி. அது படகு வருகிற ஆழமான பக்கம் கேட்கவில்லை. நேரே, பாருக்கு மேலே கேட்டது.

அதற்கு மேல் பேச என்னிடம் எதுவும் இல்லை. ஏணியில் ஏறினேன். சேலையைப் பிடித்து இழுத்தார்கள், கிழிந்தது. கிழியட்டும் என்று ஏறினேன். குழம்புக் கரண்டியை ஓங்கி முதல் பெட்ரோமாக்ஸை அடித்தேன். கண்ணாடி சிதறி என் கையில் குத்தியது. அடுத்ததையும் அடித்தேன். அது கொக்கியிலிருந்து கழன்று பாறையில் விழுந்து அணைந்தது.

இருட்டு. பிறகு ஊரே ஒரே குரலில் கத்தியது. மாதா திருநாளில் மாதா முன்னால் விளக்கை உடைத்தவள். யாரோ என் தலைமயிரைப் பிடித்து இறக்கினார்கள். முதுகில் அடி விழுந்தது. நான் மேலே கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எரி, எரி, எரிந்து தொலை. அந்தச் சனியன் பிடித்த தண்டு குளிர நேரம் பிடித்தது. என் வாழ்க்கையில் நான் எதையும் அப்படிக் கெஞ்சியதில்லை. கெஞ்சினாலும் அதற்குக் கேட்காது என்று தெரிந்தேதான் கெஞ்சினேன்.

கடல் பக்கம் மரம் பாறையில் உரசுகிற சத்தம் கேட்டது. அமுதம் அலறினாள்.

அப்போது கூண்டுக்குள் டிக் என்றது. விளக்கு மினுக்கியது.

"மாதாவே! கண்ணத் தொறந்துட்டு! சம்மனசு கண்ணத் தொறந்துட்டு!"

என்னை அடித்த கைகளெல்லாம் ஒன்றாகக் குவிந்தன.

டுங்கி வந்து சேர்ந்தது. அடிப்பலகை பிளந்து, பாதித் தண்ணீரோடு, ஒருவர் வலிக்க ஒருவர் இறைக்க வந்து சேர்ந்தது. நின்று எரிகிற இரண்டு வெளிச்சத்தைக் கோயில் கரை என்று நம்பி நேரே வலித்திருக்கிறார்கள். திடீரென்று வெளிச்சம் இரண்டும் செத்ததும், ஒன்றும் புரியாமல் துடுப்பை நிறுத்தியிருக்கிறார்கள். நிறுத்தியதால்தான் பாரில் மோதாமல் உரசியதோடு போயிற்று. பிறகு மினுக்கல் வந்ததும் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்து பின்வலித்திருக்கிறார்கள். இதெல்லாம் கஸ்பார் வாயாலேயே சொன்னது. சொல்லி முடித்துவிட்டு அவர் செய்த முதல் காரியம், ஈர உடம்போடு பாறையில் ஏறி அந்தக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்ததுதான்.

நான் ஏணிக்குப் பக்கத்தில்தான் நின்றேன். கையிலிருந்து இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. கரண்டியைக்கூட இன்னும் விடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து பஞ்சாயத்து. நாகூர் கனி அண்ணன் உடைந்த பெட்ரோமாக்ஸுக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். உடைத்ததற்குத்தான் அவர் சந்தோஷப்பட்டிருப்பார், விவரமுள்ள ஆள். ஊருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. நான் சம்மனசின் முன் முட்டுப் போட்டு, மெழுகுதிரி ஏற்றி, மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கும் வரை கோயிலில் மற்றப் பெண்களோடு பாயில் உட்காரக் கூடாது. லூர்துநாதன் மெழுகுதிரியை என் கையில் கொடுத்தார். நான் கஸ்பாரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஒரு மெழுகுதிரிதான ஏட்டி. ஏத்திரு. போச்சுது."

சரி என்றேன். இப்போதே வாருங்கள் எல்லாரும் என்றேன். போகும் வழியில் வீட்டுக்குள் நுழைந்து, படகுக்கு மூடுகிற தார் பூசிய பாய்த்துணியை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

உச்சி வெயில். ஏணியில் ஏறி, மெழுகுதிரியை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தக் கண்ணைப் பாய்த்துணியால் ஒளி புகாமல் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினேன்.

"இப்ப பாருங்க. இதுக்கு மாதாவும் தெரியாது, மீனும் தெரியாது. வெளிச்சமும் இருட்டும்தான் தெரியும். நீங்க வெளக்கு வச்சிய, பகலுன்னு நெனச்சு அணஞ்சு போச்சு. இப்ப இருட்டுன்னு நெனச்சு எரியப் போவுது."

காத்திருந்தோம். டிக் என்றது. பட்டப்பகலில், வெயிலில், விளக்கு மினுக்கியது.

எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். ஒருவழியாக மண்டையில் ஏறிவிட்டது என்று நினைத்தேன். அப்போது அமுதம் பொலபொலவென்று அழுதுகொண்டு முட்டுப் போட்டாள்.

"ஒன்ன மன்னிச்சுட்டு செல்வி! நீ மெழுகுதிரி ஏத்துறதுக்கு முன்னாடியே மன்னிச்சுட்டு!"

துணியை அவிழ்த்தேன். கொஞ்சம் பொறுத்து அணைந்தது. மறுபடி கட்டினேன். மறுபடி எரிந்தது. லூர்துநாதன் கைகளைக் குவித்துக்கொண்டு, "எத்தன வாட்டி கேட்டாலும் மன்னிக்குது பாருங்க மக்கா. மனுசருக்கு வருமா இந்த மனசு?" என்றார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் குரங்கைக் குரங்கு என்று காட்டப் போனேன், அதையும் கும்பிட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து மெழுகுதிரியை மூலையில் எறிந்தேன். கஸ்பார் பின்னாலேயே வந்தார். வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

"நீரும் நம்புதீரா? மன்னிச்சுட்டுன்னு?" என்றேன்.

"இல்ல. துணியக் கட்டுனதும் எனக்குப் புரிஞ்சுபோச்சு. அதுல ஒண்ணும் இல்ல. ஆனா ஏட்டி, கடல்ல இருட்டுல நிக்கும்போது, ஒரு ஆளு நம்மளப் பாத்துக்கிட்டு இருக்காம்னு ஒரு நெனப்பு. இந்தத் தீவுக்கு வந்து எத்தன வருசம் ஆச்சு. எந்த ஆபீசுல எவன் என் மொகத்தப் பாத்தான்? அது பாக்குதுன்னு நெனச்சேன். அம்புட்டுதான்."

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் அதோடு வந்தது, அதை நான் மதிக்கவில்லை. கட்டுப் போட்ட கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"பாத்தது நான்! அண்டாவக் கிண்டிக்கிட்டு ஒரு கண்ணால ஒம்மத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒம்ம கொண்டிச் சத்தம் எந்தப் பக்கம் கேக்குதுன்னு ஊருல எவளுக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். அடி வாங்குனது நான். நீரு போய் இரும்புக்கு முத்தம் குடுத்தீரு."

அவர் உள்ளே வந்தார். என் கையைப் பிடித்து, கட்டைப் பார்த்தார். சாயங்காலம் டுங்கியில் உட்கார்ந்து அந்தக் கொண்டிக்கு எண்ணெய் விடப் போனார். நான் போய் எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டேன். அது கிறீச்சிடட்டும், எண்ணெய் விட வேண்டாம் என்றேன்.

கோவிந்தராஜ் அடுத்த லாஞ்சில் வந்தபோது கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பலகை அடித்தான். வெளிச்சம் வைக்காதே என்று ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. முனையில் அந்த இரண்டையும் படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை. ஒரு வாரத்தில் பலகைக்கும் பூ வைத்துவிட்டார்கள்.

அதனால் அன்றிலிருந்து, கஸ்பார் கடலுக்குப் போகிற ஒவ்வொரு சாயங்காலமும், பொழுது சாய்வதற்கு முன் நான் முனைக்குப் போகிறேன். ஏணிக்குக் கீழே உட்கார்ந்து, கொண்டிச் சத்தம் கேட்கிற வரைக்கும் இருக்கிறேன். மடியில் அந்தக் குழம்புக் கரண்டி இருக்கும். செல்வி திருந்திவிட்டாள், ஊரிலேயே சம்மனசு மேல் அவளுக்குத்தான் பக்தி அதிகம் என்று அமுதம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். சொல்லட்டும். எவனாவது இன்னொரு பெட்ரோமாக்ஸைத் தூக்கிக்கொண்டு வருகிறானா என்று பார்க்கத்தான் நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன்.